இடது கையில் ஐந்தாவது பிரசவம்

எங்கள் கால்நடை மருத்துவர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இளைய டாக்டர்கள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் அவர்கள் விட்ட செருப்பு நான்கும் நான்கு திசையைப் பார்த்துக் கிடந்தன. அதை நேராக வைத்துவிட்டு வரும்வரை எனக்குப் பேச்சு ஓடவில்லை. என் மனைவி, "அவர் அப்படித்தான், நீங்க காபி சாப்பிடுங்கோ" என்றாள்.

"இப்ப ஒரு இன்டர்ன் பொண்ணு இருக்கு சார்," என்றார் ஒருவர். "அம்மாவுக்கு வாரத்துல மூணு தடவை தென்னூர்ல டயாலிசிஸ். பெரிய மாடு போஸ்டிங்கை விட்டுடலாமான்னு அழுவுது. நீங்க உங்க அப்பாவை வச்சுக்கிட்டு முடிச்சீங்கன்னு சொன்னாங்க. அதை எழுதுங்களேன்."

"எத்தனை பக்கம்?"

"மூணு."

"மூணா, மூணரையா?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அது தெரிந்தாக வேண்டும். கணக்கில்லாமல் எதையும் ஆரம்பித்துப் பழக்கமில்லை.

சென்னையில் படித்த நான்கு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தேன். பூனையிடம் கடியும் குதிரையிடம் உதையும் வாங்கினேன். இறுதித் தேர்வு முடிந்த வாரத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா அதற்கு முன்பே தவறிவிட்டாள். அண்ணா பம்பாயில் தாதரில் இருந்தான்.

அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருமண் இல்லாமல் ஒருநாள் ஆபீஸ் போனதில்லை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு போர்ஷனில் இருந்தோம். பயிற்சிக் காலத்தில் கிளினிக் போஸ்டிங்கைத் திருச்சியில் கொடுங்கள் என்று கல்லூரியில் மன்றாடி வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரே ஒரு தடவைதான் அந்தச் சலுகை. இங்கே முடிக்காவிட்டால் மறுபடி ஆறு மாதம் சென்னையில் செய்ய வேண்டும்.

அப்படி ஆனால் அப்பாவைப் பம்பாய்க்கு அழைத்துப் போய்விடுவதாக அண்ணா வந்து சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னதில் தப்பில்லை. அப்பா கேட்டது ஒரே கேள்விதான்.

"தாதர்லே உன் ஜன்னலைத் திறந்தா கோபுரம் தெரியுமோ?"

அண்ணா இல்லை என்று தலையாட்டினான். "அப்போ நான் எதுக்கு வரணும்?" என்று அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகவே என் போஸ்டிங் முடிந்தால் அப்பா ஸ்ரீரங்கத்தில். முடியாவிட்டால் தாதரில்.

மருத்துவமனையில் எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் காஜா மைதீன். பெரிய உடம்பு. திருச்சிப் பழைய நகரத்துக்காரர். மாடுகளிடம் மட்டும் மரியாதையாகப் பேசுவார். மனிதர்களில் எங்களைப் போன்ற இன்டர்ன்களுக்கு அது கிடையாது. "வாங்கம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இதோ ஆயிடுச்சு" என்று எருமையின் முதுகைத் தட்டிவிட்டு, அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "டேய் வெளக்கெண்ணெ, கயித்தப் புடிடா" என்பார். ஒருநாள் தைரியமாகக் கேட்டேன், ஏன் சார் இப்படி என்று.

"அவங்க ஒதைப்பாங்க. நீ ஒதைப்பியா?"

அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது, மாட்டைத் தொடுவதற்கு முன்னால் பின்பக்கம் தள்ளி நின்று, விலா ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு நிமிடம் முழுசாக மூச்சை எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் கண்டுபிடித்துவிடுவார். மற்ற இன்டர்ன்களுக்கு அது தண்டனை. எனக்கோ, பிறந்ததிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பதற்கு முதல் தடவையாக ஒருவர் மார்க் போட்டது போல இருந்தது.

இரண்டாவது சட்டம்தான் எனக்குத் தொல்லை. ஒரு கேஸில் கை வைத்தவன் அதை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். நடுவில் போனால் அது கணக்கில் வராது. பிரசவக் கேஸ்கள் ஐந்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருவன் கையால் முடித்தால்தான் போஸ்டிங் முடிந்ததாக அவர் கையெழுத்துப் போடுவார்.

இங்கே என் வீட்டு மத்தியானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் சமைத்து வைத்துவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரியைத் தாண்டி மருத்துவமனைக்கு வருவேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடி பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போய், அப்பாவுக்குச் சாதம் ஊட்டிவிட்டுத் திரும்புவேன். அப்பாவின் இடது கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இடது கையால் சாப்பிடுவதற்குப் பட்டினி கிடக்கலாம் என்பது அவர் கட்சி. ஸ்பூன் எச்சில், அதுவும் கூடாது. பக்கத்துப் போர்ஷன் பங்கஜம் மாமி ஊட்டி விடுகிறேன் என்று சொன்னதைக் கேட்டு, மாமியின் முகத்தை இரண்டு நாள் பார்க்கவில்லை.

போஸ்டிங் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். சினைப் பரிசோதனையில் என்னை விட்டிருந்தார்கள். பசுவின் ஆசனவாய் வழியாகக் கையைத் தோள் மட்டும் விட்டு, குடல் சுவருக்கு அப்பால் கருப்பையைத் தடவிப் பார்த்துச் சினையா இல்லையா என்று சொல்ல வேண்டும். இப்போது தோள்வரை பிளாஸ்டிக் உறை இருக்கிறது, ஸ்கேன் இருக்கிறது. அன்றைக்கு எங்களுக்குச் சோப்பும் வெறும் கையும்தான். அன்று காலை ஒன்பது மாடு பார்த்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து சாதத்தைப் பிசைந்தேன். அப்பா வாயைத் திறக்கவில்லை.

"இந்தக் கை கார்த்தாலேர்ந்து எங்கே இருந்தது?"

"மாட்டாஸ்பத்திரியிலேதான்."

"ஆஸ்பத்திரியிலே எங்கே?"

சொன்னேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"மூணு தடவை சோப்புப் போட்டு அலம்பியாச்சு. தீர்த்தமாடியும் ஆச்சு."

"சோப்பு அழுக்கைத்தான் போக்கும்."

நானும் விடவில்லை. "கோமயம் பவித்ரம்னு நீங்கதானே சொல்வேள்? வாசல் மெழுகறதே அதுலதானே?"

"அது தானா வெளியே வந்தா பவித்ரம்," என்றார் அப்பா. "நீ உள்ளே போய்த் தேடிண்டு வரணும்னு எந்த சாஸ்திரத்திலேயும் இல்லே."

அன்று பாதிச் சாதம்தான் இறங்கியது. மறுநாள் கையைப் பார்த்ததுமே தலையைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் மருத்துவமனையில் நான் இடது கைக்குச் சோப்புப் போடுவதைக் காஜா சார் பார்த்துவிட்டார்.

"சோத்தாங்கை என்னாச்சு?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"எங்க வீட்லயும் அதே சட்டம்தான்டா. சாப்புடுறது இந்தக் கை, மத்ததெல்லாம் அந்தக் கை. எங்க அத்தா இருந்தப்ப நான் எந்தக் கையில மாடு பாக்குறேன்னு அவருகிட்ட மூச்சு விட்டதில்ல. நீ ஏன் வீட்ல போயி உண்மையச் சொன்னே?"

"கேட்டார் சார்."

"கேட்டா சொல்லிடுவியா? சரி, இனிமே உனக்கு எடது கை. பாதியில கை மாத்தக் கூடாது. மாத்துனேன்னு தெரிஞ்சுது, உங்க அப்பாகிட்ட நானே வந்து சொல்லுவேன்."

இடது கையால் மாடு பார்க்கிற டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வலது கை மருந்துக்கும் ஊசிக்கும் தயாராக இருக்கும். ஆனால் அவர்கள் முதலிலேயே அப்படிப் பழகியவர்கள். என் இடது கை அதுவரை கைக்கடிகாரம் கட்டிக்கொள்வதைத் தவிர எந்த வேலையும் பார்த்ததில்லை. இடது கைக்கு மாறிய முதல் வாரத்தில் ஒரு கறுப்புப் பசுவுக்குள் பெரிதாக, பந்துபோல, தண்ணீர் தளும்புகிற ஒன்றைத் தொட்டுவிட்டு, "நாலு மாசச் சினை சார்" என்று உற்சாகமாகச் சொன்னேன். காஜா சார் கையை விட்டுப் பார்த்தார். நிதானமாக வெளியே எடுத்தார்.

"அது மூத்திரப் பைடா. பேர் சூட்டு விழா எப்போ வச்சுக்கலாம்?"

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சாக்கில் தவிட்டை நிரப்பி, உள்ளே எலுமிச்சம்பழம், நெல்லிக்காய், கொட்டைப்பாக்கு எல்லாவற்றையும் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் தேடுவேன். கருப்பையின் கொம்பு, சினைமுட்டைப் பை எல்லாம் அந்த அளவுகளில்தான் கையில் தட்டுப்படும். அப்பா கட்டிலில் படுத்தபடி, "ரயில்வேயிலே சேர்ந்திருந்தா இந்நேரம் டேபிள், சேர், ஃபேன்" என்பார். நூற்றுக்கு எண்பது சரியாக வர ஒரு மாதம் பிடித்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அந்த எண்ணைச் சொன்னேன். கேட்காத மாமிக்கும் சொன்னேன்.

கையை அப்பா ஒத்துக்கொண்டார். தினமும் ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார் என்றாலும் ஒத்துக்கொண்டார். பன்னிரண்டு மணி பஸ்தான் ஒத்துக்கொள்ளவில்லை. மாடுகள் எல்லாம் பதினொன்றரைக்குத்தான் முக்க ஆரம்பிக்கும் என்று தோன்றும். ஆறு பிரசவங்களில் கை வைத்தேன். நான்கை முடித்தேன். இரண்டில் கன்றின் கால் தெரிகிற நேரத்தில் கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். காஜா சார் திட்டவில்லை. "நாலு" என்று மட்டும் சொன்னார். போஸ்டிங்கின் கடைசி வாரம் வந்தபோதும் நாலுதான்.

முடிகிற நாளைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, பத்தரை மணிக்கு மருங்காபுரியிலிருந்து ஒரு டெம்போ வந்தது. அதில் மயிலா என்ற பசு, அதன் சொந்தக்காரி செல்லாயி, ஊர்க்காரர்கள் நான்கு பேர். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மாடு முக்குகிறது, பனிக்குடமும் உடையவில்லை, ஒன்றும் வரவுமில்லை. காஜா சாரின் வலது கையில், அவர் மாடு பார்க்கிற கையில், கட்டு. மூன்று நாள் முன்னால் ஒரு எருமை அவர் விரல்களைக் கம்பத்தோடு சேர்த்து நசுக்கியிருந்தது. அதையும் அவர் "அவங்க மேல தப்பில்ல" என்றுதான் சொன்னார். இன்னொரு டாக்டர் மற்ற இன்டர்ன்களை அழைத்துக்கொண்டு துறையூர்ப் பக்கம் முகாமுக்குப் போயிருந்தார்.

"ரங்கராஜா, பாரு" என்றார் சார்.

செல்லாயி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தப் புள்ளையா? பெரிய டாக்டரு நீங்க நிக்கிறப்ப இது எதுக்குங்க? நெத்தியில வேற கோடு போட்டிருக்கு. எனக்கு நாமம் போட்டுடாதீங்க சாமி."

மூச்சை எண்ணினேன். நாற்பத்து நான்கு. இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இடது கைக்குச் சோப்பும் எண்ணெயும் தடவிக்கொண்டு பிறப்பு வழியில் விட்டேன். மணிக்கட்டு தாண்டியதும் வழி குறுகியது. ஈர வேட்டியை இரண்டு பேர் பிடித்துப் பிழிந்தால் எப்படி முறுக்கிக்கொள்ளும், அப்படி. கருப்பை தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு விரல் மட்டும்தான் நுழைந்தது. விரல் நுனியில் கன்றின் குளம்பு தட்டுப்பட்டது. கிள்ளினேன். இழுத்துக்கொண்டது.

"கன்னு உசிரோட இருக்கு சார். கருப்பை முறுக்கிக்கிட்டிருக்கு."

"எந்தப் பக்கம்?"

அந்தக் கேள்விக்கு விடை தப்பக் கூடாது. மாட்டைப் படுக்க வைத்து, முறுக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகவே உடம்பைப் புரட்ட வேண்டும். கருப்பையை அசையாமல் பிடித்துக்கொண்டால் உடம்பு சுற்றி வந்து முறுக்கைப் பிரித்துவிடும். பக்கத்தை மாற்றிச் சொல்லிவிட்டால் முறுக்கு இன்னும் இறுகும். பிறகு தாயும் இல்லை, கன்றும் இல்லை. வழக்கமாக நான் சொன்னதைச் சார் தன் கையால் சரிபார்ப்பார். அன்று அவர் கையில் கட்டு.

மறுபடி கையை விட்டேன். மேல் சுவரிலிருந்து மடிப்புகள் இறங்கின. ஒன்று, இரண்டு, மூன்று. வலப்பக்கமாகத்தான் இறங்கின. வலது கையாலும் ஒரு தடவை பார்த்துவிட்டால் நிச்சயமாகிவிடும் என்று ஆசையாக இருந்தது. அப்போது என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

"ஏந்தம்பி, உள்ள வழி தெரியலையா?" என்றாள் செல்லாயி.

"அவன் அப்பாவுக்கு அவன்தான் போயி சோறு ஊட்டணும்மா," என்றார் சார். "பக்கவாதம். பஸ்ஸுக்கு நேரமாச்சு, அதான் மொகம் அப்படி இருக்கு."

செல்லாயி மயிலாவின் முதுகைத் தடவியபடி, "எங்க அப்பனுக்குச் சோறு ஒருநாள் லேட்டானா சட்டியத் தூக்கி அடிப்பாரு. ஆனா சாவமாட்டாரு. இது செத்துருமே தம்பி" என்றாள்.

சார் என்னைப் பார்த்தார். "போறதுன்னா இப்பவே போ. நான் வேற ஆளத் தேடிக்கிறேன். இருக்கிறதுன்னா கடைசி வரைக்கும் இரு. சீக்கிரம் சொல்லு, அவங்க காத்துக்கிட்டிருக்காங்க."

வேறு ஆள் யாரும் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். அப்பா தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

"வலப்பக்கம் சார்" என்றேன். "இருக்கேன்."

கயிறு கட்டி மயிலாவை வலப்பக்கமாகப் படுக்க வைத்தோம். முன்னங்கால் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு, பின்னங்கால் இரண்டுக்கும் ஒரு கட்டு. நீளமான பலகை ஒன்றின் ஒரு முனை தரையில் இருக்க, மற்றதை அதன் வயிற்றின் மேல் சாய்த்தோம். பலகை மேல் ஓர் ஆள் ஏறி நிற்க வேண்டும். அந்தப் பாரம்தான் உள்ளே கருப்பையைப் பிடித்து நிறுத்தும். காஜா சார் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உதவியாளர் தோளைப் பற்றி ஏறினார். "மன்னிச்சுக்கங்கம்மா" என்றார் மாட்டிடம். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, புரட்டுங்கடா!" என்றார் எங்களிடம்.

மருங்காபுரிக்காரர்கள் நான்கு பேரும் கால் கயிற்றைப் பிடித்து, மல்லாத்தி, மறுபக்கம் சாய்த்தார்கள். நான் மண்ணில் படுத்துக் கையை விட்டேன். என் வாழ்க்கையில் எண்ணியவற்றிலேயே அந்த எண்ணிக்கைதான் பெரியது. முன்பு இரண்டு விரல் நுழைந்தது. இப்போது மூன்று.

"மூணு சார்! மூணு விரல் போகுது!"

"கத்தாத, அவங்க பயந்துக்கப் போறாங்க. மறுபடி."

மாட்டை நிமிர்த்தி உட்கார வைத்து, பழைய பக்கமே படுக்க வைத்து, மறுபடி புரட்டினோம். நான்கு விரல். மூன்றாவது புரட்டலில் முழுக்கையும் வழுக்கிக்கொண்டு போனது. உள்ளே ஏதோ ஒன்று தளர்ந்து உருண்டது. வெதுவெதுப்பான நீர் பாய்ந்து வந்து என் தோளையும் சட்டையையும் நெற்றிக் கோட்டையும் நனைத்தது. செல்லாயி கையைத் தட்டினாள்.

கருப்பை வாய் முழுசாகத் திறக்க நேரம் கொடுத்தோம். கன்றின் இரண்டு முன்னங்காலுக்கும் கயிறு போட்டு, மாடு முக்கும்போது மட்டும் இழுத்து, அது ஓயும்போது ஓய்ந்து, தலை வந்து, தோள் வந்து, கன்று வைக்கோலில் விழுந்தது. மூச்சில்லை. மூக்கைத் துடைத்தோம். காதில் குளிர்ந்த தண்ணீர் விட்டோம். நான் ஒரு வைக்கோல் தும்பை மூக்குத் துவாரத்தில் விட்டுத் திருகினேன். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை திருகினேன். கன்று தலையை உலுக்கி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த காஜா சாரின் சட்டை மேல் பெரிதாக ஒரு தும்மல் போட்டது.

"வாங்க வாங்க," என்றார் அவர் சட்டையைத் துடைக்காமல். "ஏன் இவ்வளவு லேட்டு?"

"பொட்டையா?" என்றாள் செல்லாயி.

"பொட்டைதான்."

"இந்தத் தம்பிக்கு என்னவோன்னு நெனச்சேன், நல்ல கை சாமி" என்று என் எண்ணெய்க் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அது இடது கை என்பதை அவள் கவனிக்கவில்லை.

கடைசி வரைக்கும் என்றால், நஞ்சுக்கொடி விழுந்து, மாடு எழுந்து நின்று, கன்று சீம்பால் குடிக்கிற வரைக்கும். கன்று ஐந்தாறு மிடறு விழுங்கிய பிறகு சார் என்னைப் பார்த்து, "அஞ்சு" என்றார். "நாளைக்கு வந்து கையெழுத்து வாங்கிக்க. இப்ப ஓடு."

பஸ்ஸில் என்னைச் சுற்றி மூன்று ஸீட் காலியாக இருந்தது. கண்டக்டர் டிக்கெட்டைக் கையை நீட்டித் தூரத்திலிருந்து கொடுத்தார். காவிரிப் பாலத்தில் காற்று அடித்தபோதுதான் சட்டை இன்னும் காயவில்லை என்பது தெரிந்தது. சாயங்காலம் நாலேகால் ஆகிவிட்டது. ஐந்து என்று ஒரு தடவை நினைப்பேன், அப்பாவின் வயிறு என்று ஒரு தடவை நினைப்பேன். இரண்டும் சேர்ந்து என்னைப் படுத்திய பாட்டில் சித்திரை வீதியில் பாதியை ஓடியே கடந்தேன்.

வாசலில் பங்கஜம் மாமி நின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டு மணி வரைக்கும் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, தட்டிலே பரிமாறி முன்னாலே வெச்சுட்டு, கதவைச் சாத்திண்டு போங்கோன்னுட்டார். யாரும் எட்டிப் பார்க்கப்படாதாம். நானும் பார்க்கலே."

கதவைத் திறந்தேன். அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தட்டு காலி. மடியில் பருக்கை, மார்பில் பருக்கை, பூணூலில் மூன்று பருக்கை. இடது கையைத் துண்டுக்குள் மறைத்து வைத்திருந்தார். நான் அதைப் பார்க்காத மாதிரி தட்டை எடுத்தேன். அவரும் என் கையை முகரவில்லை.

"பொழைச்சுதா?"

"ரெண்டும் பொழைச்சுது."

"கையெழுத்து?"

"நாளைக்குப் போட்டுடுவார்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் கோபுரத்தையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். ரசத்தை அவர் சாத்துமுது என்றுதான் சொல்வார்.

"தயிர் சாதம் வந்துடுத்து. சாத்துமுதுதான் விரலிலே நிக்கமாட்டேங்கறது. நாளையிலேர்ந்து பருப்பை ஜாஸ்தியாப் போடு. மத்தியானம் நீ வர வேண்டாம்."

அதன் பிறகு அப்பா ஸ்ரீரங்கத்தில் இருந்த ஒன்பது வருடமும், எங்கள் வீட்டுச் சாத்துமுதில் கரண்டியை நட்டால் நிற்கும்.